எச்ஐவி சிலருக்கு மட்டும் ஒட்டவே ஒட்டாதாமே?

கேள்வி: என்ன ஆனாலும் எச்ஐவி தொத்தாத ஆளுங்க இருக்காங்க, அவங்க ரத்த குரூப் அப்படின்னு ஃப்ரெண்டு ஒருத்தன் அடிச்சு சொல்றான். நிஜமா, இல்ல கதை விடுறானா?

பதில்: பாதி நிஜம். ரத்த குரூப் இல்லீங்க, சிசிஆர்5னு ஒரு ஜீன். இந்த வைரஸ் நம்ம வெள்ளை அணுவுக்குள்ள போக சிடி4ங்கிற புரதத்தைப் பிடிச்சா மட்டும் பத்தாது, பக்கத்துல சிசிஆர்5னு இன்னொரு புரதத்தையும் பிடிக்கணும், ரெண்டும் சிக்கினாதான் கதவு திறக்கும். சில பேருக்கு அந்த ஜீனை எழுதியிருக்கிற டிஎன்ஏ எழுத்துல 32 காணாம போயிருக்கும், அதுக்குப் பேரு டெல்டா 32, அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டும் அப்படியே வந்திருந்தா அணுவோட மேல்தோல்ல அந்தப் புரதமே இருக்காது. அதாவது இவங்க உடம்பு வைரஸோட சண்டை போட்டு ஜெயிக்கல, வைரஸ் வந்து பார்த்தா பிடிக்கறதுக்குப் பிடியே இல்ல, அவ்ளோதான்.

நியூயார்க்ல ஸ்டீபன் க்ரோன்னு ஒருத்தர். அவரோட பார்ட்னர் 1982ல எய்ட்ஸ்ல போயிட்டார், அப்புறம் நண்பர்கள் வரிசையா போறாங்க, இவருக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. ஏன்னு கேட்டு அவரே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார். லேப்ல அவர் அணுக்கள் மேல வழக்கத்தை விட ஆயிரக்கணக்கான மடங்கு வைரஸைக் கொட்டியும் தொத்தலை. 1996ல காரணம் பிடிபட்டுச்சு. அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிச்சா எனக்கு இதை அதிர்ஷ்டம்னு சொல்ல வாய் வரல.

அப்புறம் டிமதி ப்ரவுன். எச்ஐவியோட ரத்தப் புற்றுநோயும் வந்தவர், பெர்லின்ல டாக்டர் டெல்டா 32 ரெண்டும் உள்ள டோனரா தேடிப் பிடிச்சு, ரத்த அணுக்களை உண்டாக்குற ஸ்டெம் செல்லை மாத்தினார், எச்ஐவி போயே போச்சு. 2020ல அவர் இறந்தது புற்றுநோய் திரும்ப வந்ததால.

கேள்வி: அப்போ டெஸ்ட் பண்ணி எனக்கு அந்த ஜீன் இருக்கான்னு பார்த்துக்கலாமா?

பதில்: பார்த்து என்ன பண்ணப் போறீங்க? வட ஐரோப்பிய வம்சாவளியிலயே நூத்துல ஒருத்தருக்குத்தான் ரெண்டும் இருக்கும், ஆப்பிரிக்கா, ஆசியா பக்கமெல்லாம் கிட்டத்தட்ட கிடையாது. ஒண்ணு மட்டும் இருந்தா நோய் முத்த கொஞ்சம் லேட் ஆகும், ஆனா தொத்தும். ரெண்டும் இருந்தாலும் சிஎக்ஸ்சிஆர்4ங்கிற வேற கதவு வழியா வர்ற வைரஸ் வகை இருக்கு, அதுல மாட்டினவங்களும் உண்டு. நைரோபில பாலியல் தொழிலாளிப் பெண்கள் சிலருக்கு வருஷக்கணக்கா தொத்தாம இருந்துச்சு, டெல்டா 32 இல்லாமலே, அதுல சில பேருக்கு தொழிலைக் கொஞ்ச நாள் விட்டுட்டு திரும்பினப்புறம் தொத்திடுச்சு! ஒரே ஜீனை வச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது பாருங்க.

உங்களுக்கு பயம் வர்ற மாதிரி ஏதாவது நடந்திருந்தா ஜீன் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காதீங்க, 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 28 நாள் சாப்பிடற தடுப்பு மாத்திரை இருக்கு.