பார்லரில் சேர்ந்து மூன்று மாதமாகியும் கத்தரிக்கோல் கைக்கு வரவில்லை, வேறு கடைக்குப் போகலாமா?

ஆறு மாத கோர்ஸ் முடித்துவிட்டீர்கள், கடலூரில் ஒரு பார்லரில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் தலை அலசுவதும் தரை பெருக்குவதும்தான் வேலை. இப்படியே இருந்தால் எப்போது நல்ல ஹேர் ஸ்டைலிஸ்ட் ஆவது, கஸ்டமர் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2015இல் மஞ்சக்குப்பத்தில் மாதம் 6,000 ரூபாய்க்குச் சேர்ந்தவள். இப்போது புதுச்சேரியில் ஒரு யூனிசெக்ஸ் சலூனில் சீனியர். தினமும் கடலூரில் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று தூங்கிக்கொண்டே போய் இறங்குகிறேன். எனக்கும் முதல் ஐந்து மாதம் கத்தரிக்கோல் வரவில்லை. மனசுக்குள் முதலாளியம்மாவைத் திட்டாத நாளில்லை. இன்று என்னிடம் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நானும் உடனே தருவதில்லை. அவர்களும் திட்டுவார்கள், தெரியும்.

கடை மாறுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். சீனியர் வெட்டும்போது பக்கத்தில் நிற்க விடுகிறார்களா? விடுகிறார்கள் என்றால் இன்னும் மூன்று மாதம் இருங்கள். நின்று பார்த்தால் "அங்க என்ன வேடிக்கை, டவல் மடி" என்று விரட்டுகிறார்கள் என்றால், தாராளமாக மாறுங்கள்.

அதுவரை அந்த அலசும் தொட்டியை இளக்காரமாக நினைக்காதீர்கள். சுழி எங்கே இருக்கிறது, ஒற்றையா இரட்டையா, நெற்றி ஓரத்தில் முடி எந்தப் பக்கம் படுக்கிறது என்பதெல்லாம் ஈரத் தலையில் விரலுக்குத் தெரியும். ஷாம்பூ நுரைக்கவே மாட்டேன் என்றால் எண்ணெய் அதிகம், அல்லது வீட்டில் உப்புத் தண்ணீர். நம் கடலோரத்தில் போர் தண்ணீரில் குளிக்கும் பல பேருக்கு முடி நார் மாதிரி விறைத்திருக்கும். அவர்களிடம் போய் ஸ்பா பேக்கேஜ் விற்பதைவிட, கடைசி ஒரு மக் மட்டும் நல்ல தண்ணீரில் அலசச் சொன்னால் உங்களை நம்புவார்கள். காசு அளவுக்கு வழவழவென்று ஒரு இடத்தில் முடியே இல்லையென்றால் அது புழுவெட்டு. பெயர்தான் அப்படி, எந்தப் புழுவும் கடிப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொல்லாமல், காதோடு சொல்லித் தோல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். பிரசவம் முடிந்து மூன்றாவது நான்காவது மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று பயந்து வரும் பெண்களும் உண்டு. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். அந்தப் பயத்தில் இருப்பவளுக்குச் சிகிச்சை என்று எதையாவது தலையில் கட்டும் கடைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இனி நான் செய்த தப்பு. ஏழாவது மாதம், ஒரு காலேஜ் பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். இடுப்பு வரை அலை அலையான முடி. "நுனி மட்டும் நாலு விரல் வெட்டுங்க" என்றார் அந்த அம்மா. நான் அலசி, சீப்பால் இழுத்துப் பிடித்து, காய்ந்திருந்தபோது நுனி நின்ற இடத்துக்கு நாலு விரல் மேலே அளந்து, ஒரே நேர்க்கோட்டில் வெட்டினேன். கை நடுங்கவில்லை, எனக்கே பெருமை. டிரையர் போட்டதும் முடி சுருண்டு மேலே ஏற ஆரம்பித்தது. ஈர முடி இழுத்தால் நன்றாக நீளும், காய்ந்தால் சுருங்கும். சுருள் முடி இன்னும் அதிகமாகச் சுருங்கும். கோர்ஸில் இதை எழுதிப் பரீட்சையில் மார்க் கூட வாங்கியிருந்தேன். காய்ந்து முடித்தபோது ஒரு சாண் போன மாதிரி இருந்தது. "நாலு விரல்னுதானேம்மா சொன்னேன்?" அவ்வளவுதான் கேட்டார், கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் செ.மீ.தான் வளரும், நான் வெட்டியது திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர்கள் திரும்பி வரவே இல்லை. பில் தொகை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அது நியாயம் என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

அன்றிலிருந்து தண்ணீர் படும் முன் ஐந்து நிமிடம் எனக்கு வேண்டும். நம் தொழிலே அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சடையை அவிழ்த்து, காய்ந்தபடியே விட்டு, நிற்கவைத்துப் பார்ப்பேன். தினமும் பின்னுவீர்களா, கிளிப்பா, ஹெல்மெட் உண்டா? விரல் கணக்கு வேண்டாம்; விரல் ஆளுக்கு ஆள் மாறும். ஜாக்கெட்டோ சுடிதாரோ, முதுகில் ஒரு அடையாளம் இருக்கும். கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, "இந்தக் கொக்கி வரைக்குமா, அடுத்த கொக்கி வரைக்குமா?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பேன். அதுவும் முதலில் ஒரு கொக்கி நீளமாகவே விட்டு வெட்டுவேன். காய்ந்ததும் மிச்சம்.

அப்புறம் ஒரு நோட்டு. ஒரு தலைக்கு நாலு வரி: எந்த மாதிரி முடி, எத்தனையாவது கொக்கி, என்ன தண்ணீர், கடைசியாக என்ன பூசினார். மூன்று மாதம் கழித்து வருகிறவரிடம் "மூணாவது கொக்கிதானே அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் டூரிஸ்ட் கூட்டம் வரும். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவர்களை மறுபடி பார்க்கமாட்டோம். என்னுடைய இன்சென்டிவ் வருவது லாஸ்பேட்டையிலிருந்தும் முதலியார்பேட்டையிலிருந்தும் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்களிடமிருந்து.

"கடைசியாக என்ன பூசினீர்கள்" என்பதை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை "ஒண்ணுமில்ல" என்பார்கள். இரண்டாம் தடவை "வீட்ல மருதாணிதான்" என்பார்கள். அது அரைத்த மருதாணியா, பாக்கெட்டில் வரும் கருப்பு மருதாணியா? சில பாக்கெட்டுகளில் உலோக உப்பு இருக்கும். அதன்மேல் டெவலப்பர், அதாவது சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு, பட்டால் முடி சூடேறி நொறுங்கிவிடும். சந்தேகமென்றால் காதுக்குப் பின்னால் நாலு முடியில் போட்டுப் பாருங்கள். பூசிய கருப்புச் சாயத்தின் மேல் இன்னொரு சாயம் பூசி நிறத்தை வெளிறவைக்க முடியாது. இதைப் புரியவைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். டை அடிக்கும் முன் 48 மணி நேரம் விட்டு அலர்ஜி பார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், யாரும் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. அந்த 40ஐத் தலைத்தோல் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், சீனியர் சொன்னாலும்.

கத்தரிக்கோல் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோர்ஸ் டீச்சர் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஆண்கள் சலூன் வைத்திருந்த ஒரு அண்ணன். செவ்வாய்க்கிழமை அவர் கடைக்கு லீவு. பார்லரில் நானும் அன்று அரை நாள் கேட்டுக்கொண்டு போவேன். கட்டை விரல் மட்டும்தான் அசைய வேண்டும், மற்ற விரல்கள் சிலை மாதிரி இருக்க வேண்டும் என்று வெறும் காற்றை ஒரு மணி நேரம் வெட்டவைப்பார். இந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது நமக்குத் தெரியும். ஏசியும் கண்ணாடிக் கதவும் வந்து, பெயர் ஸ்டைலிஸ்ட் என்று மாறியதும் அதே வேலைக்கு மரியாதை. என் மாமாவே "முடி வெட்டுற வேலைக்கா போற?" என்று கேட்டவர்தான். அப்படிப்பட்ட அண்ணன் யாராவது பக்கத்தில் இருந்தால் வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். முதல் கத்தரிக்கோல் ஐந்தரை இன்ச் போதும், விலை கூடியதெல்லாம் அப்புறம். அதால் நூல், பாக்கெட், எதையும் வெட்டாதீர்கள்.

இன்ஸ்டாகிராம்? போட்டோ போடுங்கள், கஸ்டமரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

காசு சேர்வது கல்யாண சீசனில். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு விடியற்காலை இரண்டு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். மணப்பெண்ணை முதல் நாளே தலைக்குக் குளித்துவிடச் சொல்லுங்கள். அன்றே அலசிய முடி வழுக்கும், ஹேர்பின் நிற்காது. ஆடியிலும் மார்கழியிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்களுக்கு ஒரு வாரம் போல வேலையே இல்லை. இன்சென்டிவை நம்பி தவணை கட்டுகிறவர்கள் அந்த மாதம் பட்டபாடு எனக்குத் தெரியும், நானும் ஒருத்தி.

கடைசியாக, அலசும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். கடையில் தரவில்லையென்றால் சொந்தக் காசில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் இரண்டு வருஷம் வெறுங்கையாலேயே அலசினேன். என் வலது கை மோதிர விரல் இடுக்கு இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் வெடிக்கிறது.