மூட்டு மாத்திரை வாங்கும் முன் உண்ணியைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் நாய் டைகருக்கு ஏழு வயது. மாரி தொடங்கியதிலிருந்து வாலடியிலும் தொடையிலும் மயிர் கொட்டி, ஓயாமல் சொறிகிறான். இப்போது பின்கால் ஒன்றையும் கெந்துகிறான். முகநூலில் நாய்களின் மூட்டு நோவுக்கென்று குளுக்கோசமின் மாத்திரை விற்கிறார்கள். சொறிக்குப் பக்கத்து வீட்டு அண்ணா கழிவு ஒயில் பூசச் சொல்கிறார். மாத்திரையை வாங்கிப் பார்க்கலாமா, டொக்டரிடம்தான் போக வேண்டுமா?
வாசகி, உப்புவெளி

பதில்: மாத்திரையை இப்போது வாங்காதீர்கள். முதல் காசு பரிசோதனைக்கே போகட்டும்.

சொறியையும் கெந்தலையும் இரண்டு வருத்தமாக நினைக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் இவை சேர்ந்து வந்தால் முதலில் உண்ணியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடித்த இடம் அரிக்கும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி காய்ச்சலோடு மூட்டு நோவையும் தரக்கூடியது. இன்றைக்கே டைகரின் காது மடிப்புக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அப்புறம் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால், சாப்பாட்டை விட்டுவிட்டால், மூக்கால் இரத்தம் வந்தால், சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே கொண்டுபோங்கள். தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை மட்டிட முடியாது. நாயின் சாதாரண உடல்சூடே 38 பாகையைத் தாண்டித்தான் இருக்கும்.

வாலடியில் மயிர் கொட்டுவது தெள்ளுக்கடி ஒவ்வாமையாகவும் இருக்கலாம். சொறிச் சிற்றுண்ணியா (கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சி) என்பதைத் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அது தெரியாமல் வாங்கும் ஷாம்பு வீண் செலவு. கழிவு ஒயில் மட்டும் வேண்டவே வேண்டாம். தோலை எரிக்கும், நாய் நக்க நக்க உள்ளே போய் நஞ்சாகும். புண் நாறினால், நீர் வடிந்தால், புழு தெரிந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

காலுக்கு வருவோம். இலேசான கெந்தல் மட்டும் என்றால் ஓட விடாமல் ஓரிரு நாள் கட்டி வைத்துப் பார்க்கலாம். காலை ஊன்றவே முடியாவிட்டாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். பின்கால்கள் இரண்டும் இழுபட்டால் முள்ளந்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம், அதற்கு மணித்தியாலங்கள்கூட முக்கியம். டைகருக்குச் சொறியும் இருப்பதால் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, இந்தக் கிழமையே போங்கள். அதற்கிடையில் நோவுக்கென்று பனடோல், ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். அவை ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அதைப் பொறுத்துத்தான் அவர் நோ மருந்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

குளுக்கோசமின் நாய்களின் மூட்டு நோவைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. மீன் எண்ணெய்க்கு அதைவிட நல்ல ஆதாரம் உண்டு. மூட்டுத் தேய்வுதான் என்று வைத்தியர் சொன்னால், டைகர் கொழுத்த நாய் என்றால், எடையைக் குறைப்பதே பெரிய உதவி. அதற்குக் காசும் தேவையில்லை.

உண்ணி மருந்து வாங்கும்போது எடை அளவு, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் மூன்றும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நாயின் மருந்தைப் பிரித்துப் பல நாய்களுக்கு விடக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்த மருந்து பக்கத்திலும் வரக் கூடாது, பூனையின் உயிருக்கே ஆபத்து. உண்ணி சுவர் வெடிப்பிலும் முட்டையிடும், ஆகவே நாய் படுக்கும் இடத்தையும் துப்பரவாக்குங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

கேள்வி: எங்கள் நாய்க்குட்டியின் முகத்தில் வட்டமாக மயிர் போயிருக்கிறது. மகளின் கையிலும் அதே மாதிரி ஒரு வட்டம். பார்மசியில் ஒரு கிரீம் வாங்கி இருவருக்கும் பூசலாமா?
வாசகர், உவர்மலை

பதில்: பூசாதீர்கள். படர்தாமரையாக இருக்கலாம், அது நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும். அரிப்புக்கென்று விற்கும் பல கிரீம்களில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும், அது பூஞ்சையை மேலும் வளர விடும். குட்டி நக்கவும் செய்யும். மகளை டொக்டரிடமும் குட்டியைக் கால்நடை வைத்தியரிடமும் ஒரே கிழமையில் காட்டுங்கள், இருவருக்கும் இருப்பதை இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். அதுவரை குட்டி மகளின் கட்டிலில் படுக்க வேண்டாம்.