டைல்ஸை உடைக்கிறதுக்கு முன்னாடி: அண்ணாச்சி பதில்கள்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குழாய் வேலை பார்க்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாத்ரூம் சுவரைப் பற்றித்தான். மழை முடிந்து வெயில் ஏறும்போது இப்படித்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஓதத்தைப் பார்த்து, ‘மழைத்தண்ணி இறங்குது’ என்று விட்டுவிடுகிறோம். மாசி பிறந்த பிறகும் சுவர் காயவில்லை என்றால்தான் உள்ளே குழாய் ஒழுகுகிறது என்று புரிகிறது.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்புளித்து, உப்பு பூத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் வாஷ்பேசின். வீட்டுக்காரர் காலையில் ஷேவ் செய்து முடித்த ஒரு மணி நேரத்தில் அந்த இடம் கறுத்துவிடும். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் வெளுக்கும். வந்து பார்த்த இரண்டு பிளம்பர்களும் டைல்ஸ் முழுவதையும் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன் ஒட்டிய டைல்ஸ். அதே டிசைன் எங்கேயும் கிடைக்கவில்லை. என்ன செய்ய?
— ஒரு வாசகி, மகாராஜநகர்

பதில்: தங்கச்சி, டைல்ஸில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஷேவ் செய்தபின் கறுக்கிறது என்று கவனித்தீர்களே, அதுதான் முக்கியம். நல்ல தண்ணீர்க் குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். அது ஒழுகினால் ராத்திரி பகல் இல்லாமல் சுவர் ஒரே மாதிரி நனைந்திருக்கும். கழிவுக் குழாய் தண்ணீர் ஊற்றும்போது மட்டும்தான் ஒழுகும்.

இருந்தாலும் உறுதி செய்துகொள்வோம். ஒரு நாள் ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மோட்டாரும் போடாமல், மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தைக் கரிக்கோடு போட்டு வையுங்கள். விடிந்து பார்க்கும்போது கோட்டிலேயே நின்றால் நல்ல தண்ணீர் லைனில் குற்றமில்லை. அப்புறம் இரண்டு நாள் பேசினை ஒரு தட்டால் மூடிவிட்டு, குளியல் மட்டும் வழக்கம்போல நடக்கட்டும். அடுத்த இரண்டு நாள் குளியலை வேறு பாத்ரூமுக்கு மாற்றிக்கொண்டு, பேசினை மட்டும் புழங்குங்கள். எந்த நாளில் சுவர் கறுக்கிறதோ அந்தக் குழாய்தான் ஆள். பேசின் என்று தெரிந்தால் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து அதில் ஊற்றலாம். நீலம் செங்கலைத் தாண்டி வர ஒரு நாள்கூட ஆகும். வந்தால் சாட்சி கிடைத்தது. வராவிட்டால் ஒழுக்கு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது, பூச்சு நிறத்தை வடிகட்டியிருக்கும்.

இனி உடைக்கிற இடம். சுவருக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு பக்கம் டைல்ஸ், மறுபக்கம் வெறும் பூச்சு. பூச்சு உடைந்தால் ஒரு சட்டிச் சாந்தில் மூடிவிடலாம். ஆகவே படுக்கையறைப் பக்கமிருந்து திறக்கச் சொல்லுங்கள். இதை நான் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் கசிவைத் தேடி இருபத்திரண்டு டைல்ஸை உடைத்தேன். குற்றம் சுவரின் வெளிப்பக்கம், பூச்சுக்கு ஒரு விரல்கடை உள்ளே இருந்த பெண்டில், அதாவது குழாய் வளைவில் இருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுளகில் பொறுக்கி வைத்தார்கள். அவர்கள் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட டைல்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு சுவரின் பின்பக்கத்தைப் பார்க்காமல் நான் உளி எடுத்ததில்லை.

பாத்ரூமில் பேசின் குழாய் சுவருக்குள் நுழைகிற துளை, வாசல் நிலையிலிருந்து எத்தனை அங்குலம், தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு, அதே அளவைப் படுக்கையறைச் சுவரில் குறியுங்கள். இரண்டு அறையின் தரைமட்டமும் ஒன்றில்லை என்றால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டும். அந்தச் சுவரில் சுவிட்சுப் பெட்டி இருந்தால் மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஓரடிக்கு ஓரடி போதும். கட்டிங் மெஷின் வேண்டாம், கை உளியும் சுத்தியலும்தான். தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான் இருக்கும்; குழாய் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்துவிடும். மெஷின் பிளேடு பட்டால் இருக்கிற ஓட்டையோடு இன்னொன்று சேர்ந்துவிடும்.

திறந்ததும் என்ன தெரியும்? நான் பார்த்தவரை மூன்றில் ஒன்று. எதையோ மாட்டத் துளைபோட்டவர் திருகாணியைக் குழாய்க்குள் இறக்கியிருப்பார். அல்லது எல்போ (குழாய் திரும்புகிற இடத்தில் போடுகிற மூலைத் துண்டு) வாங்க மனமில்லாமல் குழாயைச் சூடுகாட்டி வளைத்து, விரித்துச் சொருகியிருப்பார்கள். விரித்த இடம் மெலிந்து நாளடைவில் கீறிவிடும். மூன்றாவதுதான் அதிகம்: எல்போவில் குழாய் ஒட்டுகிற பேஸ்ட் முன்பக்கம் மட்டும் தடவியிருக்கும். சுவர்க்காடிக்குள் வைத்தபடியே ஒட்டுகிறவருக்குப் பின்பக்கம் கை எட்டாது. போன மாதம் ஒரு வீட்டில் அப்படி ஒரு எல்போவைக் கழற்றிப் பார்த்தேன். பாதி வட்டம் பேஸ்ட் காய்ந்து பளபளவென்று இருந்தது. மீதிப் பாதியில் குழாயின் சாம்பல் நிறம் கடையில் வாங்கியபடியே இருந்தது. அந்த இடுக்கில் சோப்பும் முடியும் சேர்ந்து வெண்ணெய் மாதிரி அடைத்திருந்ததால்தான் இத்தனை வருஷம் கொஞ்சமாக ஒழுகியிருக்கிறது.

கெட்ட எல்போவுக்குக் கீழே, கைக்கு வாகாக நாலு விரல் தள்ளிக் குழாயை நேராக அறுத்து எடுங்கள். கப்ளர் (இரண்டு குழாயை இணைக்கிற துண்டு), புதுக் குழாய்த் துண்டு, புது எல்போ மூன்றும் வேண்டும். பேசின் பக்கத் துண்டைக் கடைசியில் டைல்ஸ் துளை வழியாகப் பாத்ரூம் பக்கமிருந்து சொருகி ஒட்டலாம். அறுத்த வாயைச் சீவி, உப்புத்தாள் போட்டு, ஈரமில்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் சுற்றிலும் பேஸ்ட் தடவி, கால் திருப்புத் திருப்பி அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். எம்.சீல் உருட்டி வெளியில் அப்புகிற வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு நாள் காயட்டும். பிறகு குழாய் தரை ட்ராப்பில் (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற தரைக் கிண்ணம்) வந்து விழுகிற வாயைப் பாலிதீனில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, பேசின் பக்கமிருந்து தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் சரி. உடனே பூசிவிடாமல் பத்து நாளாவது சுவரைத் திறந்தே போடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் உப்பு திரும்பவும் பெயிண்டைத் தள்ளும். பூசும்போது சிமெண்ட் பிளாஸ்டிக் குழாயைப் பிடிக்காது. குழாயின் மேல் லேசாகப் பேஸ்ட் தடவி மணலைத் தூவி, காய்ந்தபின் கோழிவலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். பூசாமல் அந்த இடத்தில் ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கட்டில் தலைமாடு மறைத்துவிடும்.

கேள்வி: எங்களுடையது அக்ரஹாரத்துப் பழைய வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் பட்டாசலில் (கூடத்தில்) ஓதம் அடிக்கிறது. எங்கள் பாத்ரூம்தான் காரணம் என்று வருத்தப்படுகிறார்கள். சுவரின் மறுபக்கம் அவர்களுடையது. நாங்கள் எங்கே திறப்பது?
— ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஐயா, உங்கள் வீட்டில் எங்கேயும் திறக்க வேண்டாம் என்பேன். அது சுண்ணாம்புக் காரைச் சுவர். தண்ணீர் அதற்குள் வெகுதூரம் நடக்கும். ஓதம் தெரிகிற இடம் ஓரிடம், ஒழுகுகிற இடம் வேறிடமாக இருக்கும். தேடிக்கொண்டே போனால் இரண்டு வீட்டுச் சுவரும் அதிர்ந்து போகும். உடைக்கிற மெஷினை அந்தச் சுவர் பக்கமே கொண்டுவரக் கூடாது.

சுவருக்குள் இருக்கிற கழிவுக் குழாயை அப்படியே கைவிட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் மூடி போட்டு ஒட்டிவிட்டு, உங்கள் பக்கம் சுவரோரமாக வெளியே தெரிகிற மாதிரி புதுக் குழாயைப் புறவாசல் சேம்பர் (கழிவுக் குழாய்கள் வந்து சேர்கிற மூடி போட்ட தொட்டி) வரை கொண்டுபோங்கள். பேசினுக்கு 50 மில்லிமீட்டர், குளிக்கிற தண்ணீருக்கு 75 மில்லிமீட்டர். வாட்டம் (சரிவு) நாற்பதுக்கு ஒன்று, அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், கண்மதிப்பு வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற குழாய் அழகில்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் ஒழுகினால் அன்றைக்கே தெரியும், அரை மணியில் சரி செய்யலாம்.

பக்கத்து வீட்டில் கெட்ட பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டில் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட்டுத்தான் காயும். சிமெண்ட் மூடினால் ஈரம் மேலே ஏறும். சுண்ணாம்புக் கலவையிலேயே பூசுங்கள், அந்தச் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை போய், என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பாத்ரூம் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. கடையில் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
— ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: வேண்டாம் தாயி. ஆசிட் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டைத் தின்னும், ட்ராப்பைச் சுற்றிப் பூசியதைத் தின்னும். அடைப்பு எடுக்கப் போய்ச் சுவரில் ஓதம் வாங்கிக்கொள்வீர்கள். முன்னால் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் எழும்புகிற வாயு மூச்சைப் பிடித்துவிடும், உயிருக்கே ஆபத்து.

உங்கள் ஊர்ப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரியும். அதோடு முடியும் காலில் வருகிற தேரி மணலும் சேர்ந்து ட்ராப்பில் உட்காரும். சல்லடையைத் தூக்கிவிட்டு, கையுறை மாட்டி, கையாலேயே வழித்து எடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் இளகும். கை பொறுக்கிற சூட்டில் இரண்டு வாளி போதும். மாதம் ஒருமுறை செய்தால் பிளம்பருக்கு வேலை இல்லை.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதிலிருந்து பாத்ரூமில் நாற்றம், தண்ணீர் இறங்கும்போது களகளவென்று சத்தம். சுவருக்குள் குழாய் உடைந்திருக்குமா?
— ஒரு வாசகர், சிந்துபூந்துறை

பதில்: சுவரை விடுங்கள், முதலில் சேம்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். ஆற்று வண்டல் அடியில் படிந்து இறுகியிருக்கும். கழிவு போகிற வழி குறுகினால் காற்று போக இடமில்லாமல் ட்ராப்பில் நிற்கிற தண்ணீரைத் தள்ளும், இழுக்கும். அதுதான் அந்தச் சத்தம். ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்குப் பூட்டு. வண்டலை எடுத்த பிறகு மொட்டைமாடியில் காற்றுக்குழாய் வாயில் குருவிக்கூடோ குளவிக்கூடோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புது வீடு கட்டுகிறேன். அடுத்த வாரம் பாத்ரூம் பூச்சு. எதையெல்லாம் கவனிக்க?
— ஒரு தம்பி, வள்ளியூர்

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி, பூச்சு ஏறிவிட்டால் எதுவும் தெரியாது. குழாயில் ஐ.எஸ். 13592 (இந்தியத் தர எண்) என்றும் டைப் பி என்றும் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். டைப் ஏ மழைத்தண்ணீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உள்ளது. விலை குறைவு என்று அதைக் கழிவுக்குப் போட்டுவிடுவார்கள். திரும்புகிற இடத்தில் கதவு வைத்த பெண்டு (அடைப்பு எடுக்கத் திறக்கிற மூடி உள்ள வளைவு) போடச் சொல்லுங்கள், அந்தக் கதவு சுவருக்கு வெளியே திறக்கிற மாதிரி இருக்கட்டும். பூசுவதற்கு முன் கீழ்வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். கொத்தனார், ‘நேரம் இல்லை’ என்பார்; ஒரு நாள் கூலியை நீங்களே கொடுத்துவிட்டாவது செய்யுங்கள்.

பிறகு டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். டேப்பில் எண் தெரிய வேண்டும். போனில் மட்டும் வைத்தால் போன் மாறும்போது போய்விடும். பிரிண்ட் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி அதிகம் வாங்கி, பெட்டியின் மேல் எந்தப் பாத்ரூம் என்று எழுதிப் பரணில் ஏற்றிவிடுங்கள். மீதி இருக்கிறதே என்று அடுக்களை மேடைக்கு எடுத்து ஒட்ட விடாதீர்கள்.