லண்டன் ஹை கோர்ட்டுக்கு ஜெர்மனில் என்ன பெயர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டுட்கார்ட்டில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் எட்டு மாதங்களாகப் பணியாற்றுகிறேன். லண்டனில் 2021இல் வழங்கப்பட்ட வணிக வழக்குத் தீர்ப்பு ஒன்றையும், அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவரும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. ‘ஹை கோர்ட்’ என்று வந்த இடங்களிலெல்லாம் ‘ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட்’ (ஜெர்மன் மாநிலங்களின் மேல்நிலை நீதிமன்றம்) என்று எழுதினேன். சென்னை உயர் நீதிமன்றத்தை அறிந்து வளர்ந்தவனுக்கு அது இயல்பாகவே தோன்றியது. மேல்முறையீட்டுக்கு ‘பெருஃபூங்’ என்று போட்டேன். சரிபார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் முதலாவதை அடித்துவிட்டு ‘ஹை கோர்ட்’ என்றே விட்டார். இரண்டாவதை எல்லா இடங்களிலும் ‘ரெஷ்ட்ஸ்மிட்டல்’ என்று மாற்றினார். மூலச்சொல்லை அப்படியே விடுவது மொழிபெயர்ப்பாளனின் தோல்வி என்று முன்பு நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ம.

அன்புள்ள ம.,

அந்த வரியைக் கதைகளையும் கவிதைகளையும் மனத்தில் வைத்து எழுதினேன். தீர்ப்பு நகலுக்கும் அது பொருந்தும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதற்கு, எல்லையைச் சொல்லாமல் விட்ட நானும் பொறுப்பு. உங்கள் மூத்தவர் செய்த இரண்டு திருத்தங்களில் முதலாவது சரி. இரண்டாவது பாதிதான் சரி.

‘உயர்’ என்ற அடைமொழிதான் உங்களை வழி தவறச் செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகளை எதிர்த்துப் போகிற இடம் உயர் நீதிமன்றம். லண்டன் ஹை கோர்ட்டும் சில மேல்முறையீடுகளைக் கேட்கிறது என்றாலும், பெருந்தொகை வணிக வழக்குகள் முதன்முதலாகத் தொடுக்கப்படுவதும், சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்படுவதும், பெரும்பாலும் ஒற்றை நீதிபதி முன் தீர்ப்பு வருவதும் அங்கேதான். ஜெர்மனியில் உரிமையியல், குற்றவியல் வழக்குகளுக்கான நீதிமன்றங்கள் ஆம்ட்ஸ்கெரிஷ்ட், லாண்ட்கெரிஷ்ட், ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட், கார்ல்ஸ்ரூவேயில் உள்ள பூண்டஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப் எனக் கீழிருந்து மேலாக நான்கு படிகளில் அமைந்திருக்கின்றன. உங்கள் ஊரிலேயே ஓர் ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட் இருக்கிறது. அங்கே வாதாடும் வழக்கறிஞர் உங்கள் மொழிபெயர்ப்பைப் படித்தால், வழக்கு ஏற்கெனவே லாண்ட்கெரிஷ்ட்டில் ஒருமுறை தீர்க்கப்பட்டு மேலே வந்துவிட்டது என்றே நினைப்பார். மூலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

அப்படியானால் லாண்ட்கெரிஷ்ட் என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். அதுவும் கூடாது. அது நாடெங்கும் நூற்றுக்கும் மேல் இருக்கிற வட்டார நீதிமன்றங்களில் ஒன்று. ஹை கோர்ட்டின் அதிகாரமோ இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் செல்லும். நீதிமன்றப் பெயரை ஊர்ப் பெயர்போல நடத்துவதே நல்லது. ஜெர்மானியர்களே அப்படித்தான் செய்கிறார்கள்: பெர்லினில் ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட்டின் வேலையைச் செய்யும் நீதிமன்றம் இன்றும் தன் பழைய பெயரான ‘காமர்கெரிஷ்ட்’ என்பதையே வைத்திருக்கிறது.

ஆனால் பெயரை வெறுமனே விட்டுவிடுவதும் போதாது. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டத்தின்படி, ஜெர்மன் மாநிலங்கள் தங்கள் ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட்டுகளில் ஐந்து லட்சம் யூரோவும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அமர்வுகளை ஏற்படுத்தலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் விசாரணை ஆங்கிலத்திலேயே நடக்கலாம். அந்த அமர்வுகளுக்கு ஜெர்மன் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘கமர்ஷியல் கோர்ட்’. லண்டன் ஹை கோர்ட்டுக்குள்ளும் ஒரு கமர்ஷியல் கோர்ட் உண்டு. உங்கள் தீர்ப்பு அங்கிருந்து வந்ததென்றால், ஜெர்மன் வாசகர் அதை உள்நாட்டு அமர்வு என்று எண்ண இப்போது நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆகவே முதல் முறை வரும்போது முழுப் பெயரையும் ஊரையும் எழுதி, ‘இங்கிலாந்து நீதிமன்றம், இவ்வழக்கில் முதல்நிலை விசாரணை நடத்தியது’ என்று ஜெர்மனில் ஒரு சிறு அடைப்புக்குறி போடுங்கள். பிறகு ‘தாஸ் கெரிஷ்ட்’, அதாவது ‘நீதிமன்றம்’, என்று சொல்லிக்கொண்டே போகலாம். தீர்ப்பு 2021ஐச் சேர்ந்தது என்பதால் அதில் ஹை கோர்ட்டின் பிரிவுப் பெயர் குயின்ஸ் பெஞ்ச் என்றுதான் இருக்கும். 2022 செப்டம்பரில் அரசி மறைந்த பிறகு அது கிங்ஸ் பெஞ்ச் ஆனது என்று தெரிந்த ஆர்வத்தில் அதைத் திருத்திவிடாதீர்கள்.

பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹை கோர்ட்டின் இன்னொரு பிரிவான சான்ஸரி டிவிஷன் ஒன்றே போதும். அதன் ஜெர்மன் உறவுச் சொல் ‘கன்ஸ்லாய்’; இன்றைய பேச்சில் அதற்கு வழக்கறிஞர் அலுவலகம் என்று பொருள். ஆங்கில ‘மாஜிஸ்ட்ரேட்’டை நினைவூட்டும் ‘மாகிஸ்ட்ராட்’ என்றால் ஹெஸ்ஸன் மாநில நகரங்களில் நகர நிர்வாகக் குழு. இவற்றைவிட மோசமான பொறி ‘ஷ்வூர்கெரிஷ்ட்’. நேர்ப்பொருள் ஜூரி நீதிமன்றம் என்பதால் இங்கிலாந்தில் கடுங்குற்ற வழக்குகளை ஜூரியோடு விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுக்கு அதைப் போடத் தோன்றும். ஜெர்மனியில் ஜூரி முறை 1924இலேயே நீக்கப்பட்டுவிட்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று அந்தப் பெயரில் இருப்பது லாண்ட்கெரிஷ்ட்டில் கொலை வழக்குகளை விசாரிக்கும் அமர்வு: தொழில்முறை நீதிபதிகள் மூவரும் ‘ஷெஃபன்’ எனப்படும் பொதுமக்கள் பிரதிநிதிகள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். உண்மையான ஜூரியைப் பார்க்க ஆஸ்திரியாவுக்குப் போக வேண்டும். அங்கே எட்டுப் பேர் தனியாக இருந்து குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள்.

இனி மேல்முறையீடு. ஆங்கிலம் ஒரே சொல்லால் கடந்துபோகிற இடத்தில் ஜெர்மன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. உண்மை விவரங்களையும் சட்டத்தையும் ஆராய வைப்பது பெருஃபூங். சட்டப் பிழையை மட்டும் பார்ப்பது ரெவிஸியோன். நம் நீதிமன்றங்களின் சீராய்வு மனுவை இந்த ரெவிஸியோனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தீர்ப்பல்லாத ஆணைகளை எதிர்ப்பது பெரும்பாலும் பெஷ்வெர்டே. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ரெஷ்ட்ஸ்மிட்டல். குற்றவியல் வழக்கில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது: லாண்ட்கெரிஷ்ட் முதல்நிலையில் வழங்கிய தண்டனைத் தீர்ப்புக்கு எதிராகப் பெருஃபூங் என்பதே கிடையாது, ரெவிஸியோன் மட்டுமே உண்டு.

உங்கள் ஆவணத்தில் இரண்டு மேல்முறையீடுகள் இருப்பதாகப் புரிந்துகொள்கிறேன். ஹை கோர்ட்டிலிருந்து கோர்ட் ஆஃப் அப்பீலுக்குப் போனது முதலாவது. அங்கே புதிய சான்றுகளைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள், கீழ் நீதிமன்றத் தீர்ப்பைச் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 2002ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் ஜெர்மன் உரிமையியல் பெருஃபூங்கும் ஏறக்குறைய அந்தப் போக்கிலேயே, கீழ் நீதிமன்றம் கண்ட உண்மை விவரங்களைப் பெரிதும் அப்படியே ஏற்று நடக்கிறது. ஆகவே இந்த இடத்தில் உங்கள் சொல் தவறில்லை. ரெஷ்ட்ஸ்மிட்டல் என்று பொதுவாக்கியதில் வாக்கியம் காரணமின்றி மங்கிப்போகிறது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன இரண்டாவது வேறு. அதற்கு முன் அனுமதி வேண்டும்; பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்விக்கே அந்த அனுமதி கிடைக்கும். ரெவிஸியோன் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் ஜெர்மன் நடைமுறைச் சட்டத்தின் விதிகள் எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்துவிடும். அங்கே மூத்தவரின் ரெஷ்ட்ஸ்மிட்டல்தான் நிற்க வேண்டும்.

அவரிடம் இதை எடுத்துச் செல்லும்போது ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட்டுக்காக வாதாட வேண்டாம். கோர்ட் ஆஃப் அப்பீல் வருகிற பத்திகளில் மட்டும் பெருஃபூங்கை மீட்டுத் தரும்படி கேளுங்கள்.