மலர்க் கண்காட்சிக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள மாமியார் என ஐந்து பேர். இ-பாஸ், நுழைவுச் சீட்டு, பூங்காவைச் சுற்றிக்காட்ட கைடு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,200 ரூபாய் என்கிறார் ஓர் ஏஜென்ட். பிள்ளைகள் செடிகொடிகளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பணம் கட்டலாமா?
(மதுரை வாசகி)

பதில்: கட்டாதீர்கள். அந்த 6,000 ரூபாயில் பெரும்பகுதி, நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைக்குத்தான் போகிறது.

முதலில் இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் போக இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. இதற்குக் கட்டணமே கிடையாது. அரசு இணையதளத்தில் செல்போன் எண், வண்டி எண், போகும் தேதி, எத்தனை பேர் என்ற விவரங்களைக் கொடுத்தால் போதும். ஒருவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அல்ல இது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். ‘எங்களிடம் தனி ஒதுக்கீடு இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதிகள் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் வாரம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு விலக்கைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். மலை ரயிலில் போனாலும் வேண்டாம். ஆனால் மேட்டுப்பாளையம் வரை அரசுப் பேருந்தில் வந்துவிட்டு, அங்கே ஒரு வேனை வாடகைக்குப் பிடித்தால் கதை வேறு. அந்த வேனுக்குப் பாஸ் இருக்க வேண்டும். சுற்றுலா நிறுவனம் ஓட்டும் பெரிய பஸ்ஸும் பஸ்தானே என்றால், இல்லை, அது தனியார் வண்டி. யார் ஏறியிருக்கிறார்கள் என்பதல்ல, எந்த வண்டி என்பதுதான் கணக்கு. ஆகவே வாடகை வண்டி என்றால் ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் பாஸைக் காட்டச் சொல்லுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று வாதாடிப் பயனில்லை.

அடுத்து கைடு. என் கோபமெல்லாம் இங்கேதான். வாசலில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஆட்களில் பலர், எந்தப் பாட்டை எந்தப் புல்வெளியில் எடுத்தார்கள் என்று நன்றாகச் சொல்வார்கள். மரத்தின் பெயரைக் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பிள்ளைகள் அதையே மனதில் வைத்துக்கொள்வார்கள். கண்காட்சி நடக்கும் ஊட்டி தாவரவியல் பூங்கா, 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 22 ஹெக்டேர். இவ்வளவு பெரிய இடத்தில், கூட்டம் குவியும் சீசனிலாவது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று செடி தெரிந்தவரை வைத்துத் தமிழில் நடத்திக் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டாமா? சாதாரணக் குடும்பம் யாரிடம் கேட்பது? பள்ளிக்கூடம் என்றால் தோட்டக்கலைத் துறைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளின் பள்ளியிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் மே மாதம் சரியான நேரமே அல்ல. கண்காட்சியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மாதக்கணக்கில் தொட்டியில் வளர்த்து அடுக்கிய பெட்டூனியா, சால்வியா, டேலியா, பான்சி போன்றவை. கண்ணுக்கு அழகுதான், ஆனால் பின்னால் வருகிற கூட்டம் உங்களை ஒரு செடி முன்னால் நிற்க விடாது. தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் மே 10 அன்று தொடங்கியது, 2025இல் மே 15. இப்போதே அறைக்கு முன்பணம் கட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும். ஊட்டியில் அப்போது இரண்டாவது சீசன், அதற்கென்று மறுபடியும் பூச்செடி வைத்திருப்பார்கள். கூட்டம் குறைவு. கல்லாகிப்போன அடிமரம் ஒன்று கீழ்ப் பகுதியில் கிடக்கிறது, 2 கோடி ஆண்டு பழையது. அதன் பக்கத்தில் பிள்ளைகளை நிதானமாக நிற்க வைக்கலாம். பெரணிச் செடிகளைக் காட்டலாம், மரங்களில் உள்ள பெயர்ப் பலகையைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லலாம்.

பூங்கா தொட்டபெட்டாவின் சரிவில் இருக்கிறது. மேலே போகப் போக ஏற்றம். மாமியாருக்குக் கீழ்ப் புல்வெளியும் இத்தாலியத் தோட்டமும் போதும். நீங்கள் பிள்ளைகளோடு உச்சியில் உள்ள மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு வரை போய் வாருங்கள். அது மக்கள் குடியிருக்கும் இடம், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

கடைசியாக, வெளியே விற்கும் கிழங்கையும் நாற்றையும் வாங்காதீர்கள். ‘மதுரையிலும் பூக்கும்’ என்று அடித்துச் சொல்வார்கள். குளிரில் வளர்ந்த டேலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் உங்கள் ஊர் வெயிலில் ஒரு கோடையைத் தாண்டுவது கடினம்.