இமையைக் கழுவினால் ஒட்டிய முடி கொட்டிவிடுமா?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன்பு ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது இமை முடியின் மேல் ஒட்டும் செயற்கை முடி, போட்டுக்கொண்டேன். "தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பார்லரில் சொன்னதால், முகம் கழுவும்போதுகூடக் கண் பக்கம் கையைக் கொண்டுபோவதில்லை. இரண்டு வாரமாகக் காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. முடியின் அடியில் பொடுகு மாதிரி வெள்ளையாக இருக்கிறது, ஒரே அரிப்பு. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டேன். விடும்போது அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. நான் கான்டாக்ட் லென்ஸ் அணிபவள். அடுத்த வாரம் ரீஃபில், அதாவது உதிர்ந்த இடத்தில் மறுபடி ஒட்டுவது. போகலாமா? என் தங்கை வேறு தனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அடுத்த வார ரீஃபிலை ரத்து செய்துவிடுங்கள். அழற்சி கண்டிருக்கும் இமையில் மறுபடியும் பசை வைத்தால், இருக்கிற தொல்லை கூடுவதோடு, எதனால் வந்தது என்பதும் தெரியாமல் போய்விடும். இந்த வாரமே ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இமை விளிம்பு அழற்சி, அதாவது பிளெஃபரைட்டிஸ் என்றுதான் தோன்றுகிறது. பயப்படும்படியான நோய் இல்லை. கவனிக்காமல் விட்டால்தான் கண்கட்டி, இமை முடி உதிர்வு, கருவிழியில் புண் என்று ஒவ்வொன்றாக வரும்.

உங்களுக்குச் சொன்ன அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்டென்ஷன் ஒட்டும் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும். இறுகும் நேரத்தில் தண்ணீர் அதிகம் பட்டால் பிடிப்பு கெடலாம் என்பதற்காக முதல் ஒன்றிரண்டு நாள் நனைக்க வேண்டாம் என்பார்கள். அந்த அறிவுரை அந்த ஓரிரு நாளுக்குத்தான். அதையே மூன்று மாதம் கடைப்பிடித்தால் இமை என்னதான் செய்யும்? நன்றாக இறுகிய பசையை முக்கியமாக இளக்குவது எண்ணெய். தினசரி கழுவலில் அது விட்டுப்போகாது. கழுவும்போது ஒன்றிரண்டு முடி கையோடு வந்தால் பதற வேண்டாம். நம் இமை முடி எப்படியும் தினமும் ஓரிரண்டு தானாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதன் மேல் ஒட்டியதும் கூடவே போகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரீஃபிலுக்குக் கூப்பிடுவதே அதனால்தான்.

கழுவாவிட்டால் என்ன சேரும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேல் இமை விளிம்பில் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரப்பது இவைதான். முடியின் வேரிலும் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. இந்த எண்ணெய், உதிரும் தோல் செல்கள், தூசி, ஐலைனர் எல்லாம் சேர்ந்தால் அங்கே எப்போதும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சாதாரணமாக முகம் கழுவும்போது நாம் நினைக்காமலே இமையும் கழுவப்பட்டுவிடும். அதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். போதாததற்கு, அடர்த்தியாக ஒட்டிய முடிக்கு இடையே அழுக்கு போய் உட்கார வசதியாக இடமும் கிடைத்திருக்கிறது.

இமை முடி நீளமாக இருந்தால் தூசி உள்ளே போகாது என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2015-ல் 22 பாலூட்டி இனங்களின் இமை முடியை அளந்தார்கள். கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் பெரும்பாலும் இருந்தது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரிக் கண்ணை வைத்துப் பார்த்தபோதும், காற்றையும் தூசியையும் நன்றாகத் தடுத்தது அந்த நீளமே. அதைத் தாண்டினால் முடியே காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பிவிட ஆரம்பிக்கிறது. மிக நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டவர்களில் சிலர் கண் வறண்டு கரிக்கிறது என்று சொல்வதில் ஆச்சரியமில்லை.

சரி, மருத்துவர் என்ன பார்ப்பார்? ஸ்லிட் லாம்ப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, கீழே பார்க்கச் சொல்வார். அப்போது மேல் இமை முடியின் வேர் முழுக்கத் தெரியும். மஞ்சளாக, உடையும் பக்காக ஒட்டியிருந்தால் பாக்டீரியா மேல் சந்தேகம். அதுவே மெழுகு மாதிரி, அரைகுறையாக ஒளி ஊடுருவும் ஒரு பொருள், சட்டைக் கைபோல முடியின் அடியைச் சுற்றி நின்றால், அது டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியின் வேலை. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெரியவர்களில் ஏராளமானோரின் முடி வேரில் சத்தமில்லாமல் வாழ்கிறது. எண்ணிக்கை பெருகினால்தான் அரிப்பு. காலையில் அரிப்பு அதிகம் என்றால் இதையும் நினைக்க வேண்டும். டெமோடெக்ஸ் என்று உறுதியானால் அதற்குத் தனி மருந்து உண்டு. லோட்டிலானர் என்ற சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. டீ ட்ரீ எண்ணெய் நல்லது என்று எங்காவது படித்துவிட்டு நேராக இமையில் தடவிவிடாதீர்கள். நீர்க்காத எண்ணெய் கண்ணை எரித்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பசை ஒவ்வாமை. ஒட்டிய ஓரிரு நாளில் இமைத் தோல் சிவந்து வீங்கி அரிக்கும். பீளை அவ்வளவாக இருக்காது. ஒவ்வொரு ரீஃபிலுக்குப் பிறகும் இதே கதை நடந்து, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் இதுதான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். முந்தைய ரீஃபில்களுக்குப் பிறகு எப்படி இருந்தது என்று யோசித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம். ஒவ்வாமையே இல்லாதவருக்கும் பசையின் ஆவி எரிச்சல் தரும். ஜப்பானியக் கண் மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டு கண் பாதிக்கப்பட்டு வந்த பெண்களிடம் கருவிழி, விழிவெண்படல அழற்சியும், இமையில் ஒவ்வாமையும் அதிகமாகக் காணப்பட்டன. பசையில் ஃபார்மால்டிஹைடு இருந்ததும் தெரியவந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது அந்தச் சொட்டு மருந்துதான். விட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் வருகிறது என்கிறீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இப்படித்தான் நடந்துகொள்ளும். சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கிவிடும், கிருமி உள்ளே அப்படியே இருக்கும். ஹெர்பீஸ் வைரஸ் தொற்றாக இருந்தால் நிலைமை மோசமாகிவிடும். வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். பாட்டிலை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், லோட்டிபிரட்னால், ஃபுளோரோமெத்தலோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் எழுதித் தந்தால் அது நல்ல மருந்து, கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் மருந்து அல்ல. பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஒட்டிய முடியை எடுத்துவிட வேண்டுமா என்றால், என் கணிப்பில் ஆமாம். வேர் முழுக்கப் பசையும் முடியும் மூடியிருக்கும்போது மருந்தும் போய்ச் சேராது, சுத்தமும் செய்ய முடியாது. ஆனால் நீங்களாகப் பிய்க்காதீர்கள். உங்கள் சொந்த முடியும் வேரோடு வரும். அடிக்கடி அப்படி இழுபட்டால் சில இடங்களில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். அதற்கென்றே உள்ள ஜெல் அல்லது கிரீம் ரிமூவரால், கண்ணை மூடவைத்து, கைப்பழக்கம் உள்ள ஒருவர் எடுக்க வேண்டும். நகப் பூச்சு அழிக்கும் அசிட்டோனைக் கண் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இமை நன்றாக வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, எப்போது எடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.

இனி கழுவும் முறை. லென்ஸைக் கழற்றி வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இமைக்கென்றே தயாராகும் எண்ணெயில்லாத நுரை கிளென்சரைக் கொஞ்சம் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியாலோ மிருதுவான சின்ன பிரஷ்ஷாலோ முடி முளைக்கும் கோட்டின் மேல் குறுக்காக மெதுவாகப் போய் வாருங்கள். அழுக்கு இருப்பது அந்தக் கோட்டில்தான். பலர் முடியின் நுனியை மட்டும் நுரையில் தடவிவிட்டு, கழுவியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் வேரிலிருந்து நுனி நோக்கி நீவிவிட்டு, தண்ணீரை அள்ளி விட்டு நுரை போகும்வரை அலசுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை ஒட்டிய முடியில் சிக்கும். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு ஸ்பூலி என்ற, மஸ்காரா பிரஷ் போன்ற சின்ன பிரஷ்ஷால் சீவலாம். அந்த பிரஷ்ஷையும் கழுவ வேண்டும் என்பது பலருக்கு நினைவே வருவதில்லை! தினம் ஒருமுறை போதும், கண் மேக்கப் போட்ட நாளில் இரவு கட்டாயம். முன்பெல்லாம் குழந்தை ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து கழுவச் சொல்வோம். இப்போது இமைக்கென்றே நல்ல கிளென்சர்கள் வந்துவிட்டதால் அதை நான் சொல்வதில்லை.

வெந்நீர் ஒத்தடம் சுரப்பி அடைப்புக்கு நல்ல வைத்தியம். பொறுக்கும் சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் கெட்டிப்பட்ட எண்ணெய் இளகும். உங்களுக்குத் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒவ்வாமை வீக்கமாக இருந்தால் குளிர்ந்த ஒத்தடம்தான் சுகம்.

கண் குணமாகும்வரை லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். லென்ஸ் அணிபவருக்குக் கருவிழியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தால் ஓரிரு நாளிலேயே புண் பெரிதாகித் தழும்பாக நின்றுவிடக்கூடும். இப்போது பயன்படுத்தும் லென்ஸ், டப்பா, மஸ்காரா, ஐலைனர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. இமை முழுக்க வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது கண்ணை அசைத்தாலே வலித்தால், இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் தங்கைக்குப் போடவே கூடாது என்று நான் தடை சொல்லப்போவதில்லை. எந்தச் சிக்கலும் இல்லாமல் போட்டுக்கொள்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே கண் வறட்சி, இமை அழற்சி, அடிக்கடி கண்கட்டி என்று இருந்தால் வேண்டாம். கண்ணில் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் வேண்டாம். இல்லையென்றால் முதல் நாள் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். போடுபவர் கை கழுவுகிறாரா, ட்வீசரை ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் வெறுமனே துடைத்து வைக்கிறாரா அல்லது கிருமி நீக்கம் செய்கிறாரா, சின்ன பிரஷ்கள் ஒவ்வொருவருக்கும் புதிதா, அறையில் காற்றோட்டம் உண்டா. படுத்திருக்கும் நேரம் முழுக்க இரண்டு கண்ணும் இறுக மூடியிருக்க வேண்டும். கீழ் இமையில் ஒட்டும் பட்டை மேலே ஏறி வெள்ளை விழியில் உரசினாலோ எரிச்சல் எடுத்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். பசை கண்ணுக்குள் போய்விட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

முன்கூட்டியே ஒன்றிரண்டு முடி மட்டும் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் கேட்டு, இரண்டு மூன்று நாள் காத்திருக்கட்டும். அதில் தேறினாலும் பின்னால் ஒவ்வாமை வராது என்று உறுதியில்லை, பல முறை பட்ட பிறகே சிலருக்கு ஆரம்பிக்கும். செயற்கை நகம் ஒட்டியபோது அரிப்பு வந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம், அந்தப் பசையும் பெரும்பாலும் சயனோஅக்ரிலேட்தான். காயத்தை மூட மருத்துவமனைகளில் பயன்படுத்தும் பசையும் இதே குடும்பம் என்பதால், ஒவ்வாமை இருப்பது தெரிந்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லி வைக்க வேண்டும். அப்படிப்பட்டவளாக இருந்தால் தங்கைக்கு மஸ்காரா போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்கட்டும், உங்களோடு பங்கு போட வேண்டாம்.