திருச்சி–சிங்கப்பூர்: போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணியா?

டிக்கெட்டில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. போகவும் வரவும் நாலேகால் மணிதான்.

நீங்கள் எழுதியபடி, திருச்சியில் இரவு 12.30-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 7.15-க்கு இறங்குகிறீர்கள். திரும்பும்போது இரவு 8.35-க்கு ஏறி 10.20-க்கு இறங்குகிறீர்கள். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்; இரண்டும் 4.15-இல் வந்து நிற்கும். (7.15 என்றதும் நல்ல வெயில் என்று நினைக்காதீர்கள். அங்கே விடிவதே ஏழு மணி வாக்கில்தான்.)

வான்வழித் தூரம் சுமார் 3,000 கி.மீ. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 30 கி.மீ. போகவே நமக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகாயத்தில் கொண்டை ஊசி வளைவு கிடையாதே!

உங்கள் டிக்கெட்டில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சனிக்கிழமை தேதி போட்டு இரவு 12.30 என்றால் அது வெள்ளிக்கிழமை ராத்திரி. சனி மாலை பெட்டியோடு போய் நின்றவர் எங்கள் தெருவிலேயே ஒருவர் உண்டு.

அதனால்:
1. டிக்கெட்டில் 00.30 என்று இருக்கிறதா, 12.30 என்று இருக்கிறதா பாருங்கள். 00.30 என்றால் நள்ளிரவேதான்; 12.30 என்றால் பகலா இரவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
2. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சி சுமார் 140 கி.மீ., மூன்று மணி நேரம். விமான நிலையத்தில் இன்னொரு மூன்று மணி நேரம். ஒரு மணி நேரம் கையிருப்பாக வைத்துக்கொண்டு வெள்ளி மாலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள்.

காற்றைப் பொறுத்து பத்து இருபது நிமிடம் முன்னே பின்னே ஆகும். அங்கே வேறு விமானம் மாறுவதாக இருந்தால் இடையில் தாராளமாக நேரம் விடுங்கள்.